பூட்டிக் கிடக்கும் சத்திரத்தை ஊரின் தகவல் மையமாக மாற்றுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கடைத்தெருவை ஒட்டி ஒரு பழைய கட்டடம் பூட்டிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொட்டைமாடியில் அரசங்கன்று முளைத்திருக்கும். கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கும். டீக்கடையில் விசாரித்தால், "அது அந்தக் காலத்துச் சத்திரம்ணே, இப்ப யாரும் உள்ள போறதில்ல" என்பார்கள்.

பழைய கட்டடத்துக்குப் புதுவேலை கொடுப்பது மதுரைக்குப் பழகிய விஷயம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனைதான் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மகாலில் ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றம் நடந்தது. ஆனால் சத்திரத்துக்கு நாம் புதிதாக வேலை தேடவே வேண்டாம். வழிப்போக்கர்களுக்காகவே கட்டப்பட்டது அது. அந்த வேலையை அதனிடம் திருப்பிக் கொடுத்தாலே போதும். சுமையை இறக்கி வைக்க ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர், "எந்த ஊருக்குப் போறீக?" என்று கேட்டு வழி சொல்ல ஒரு ஆள். சிற்றூர்த் தகவல் மையம் என்றால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மேலூர்ப் பக்கம் சில நண்பர்களோடு சேர்ந்து இப்படி ஒரு வேலையில் இறங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. செய்த தவறுகள் உட்பட, கற்றுக்கொண்டதை வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கட்டடத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஊர் வழியாக யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள் என்பதை ஒரு மாதமாவது கவனியுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்களிடமும் பூக்கடைக்காரர்களிடமும் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

மேலூரையே எடுத்துக்கொள்வோம். அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, பாறைகளில் கூடு கட்டும் வல்லூறுகள் எல்லாம் ஒரே ஊரில். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மக்கள் திரண்டு, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்த பிறகு, அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவும் வரும் கல்வெட்டுகள் இருக்கின்றன. கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் சமணத் துறவிகள் தங்கப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி கல்வெட்டாக, சில எழுத்துகள் தலைகீழாகவே வெட்டப்பட்டு நிற்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், அந்தப் பக்கம் அழகர்கோயில்.

இத்தனை இருந்தும் மலையடிவாரம் வரை வந்துவிட்டு எந்தப் பாறையில் ஏறுவது என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஓர் இடைவெளி உங்கள் ஊரில் இருந்தால்தான் தகவல் மையம் தேவை. பார்க்க ஒரே ஒரு கோயில் இருந்து, அதுவும் பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரியுமென்றால் நல்ல ஒரு வழிகாட்டிப் பலகை போதும். கட்டடத்துக்கு வேறு வேலை யோசியுங்கள்.

2. கட்டடம் யாருடையது?

மூன்று வகை வரும். தனிக் குடும்பத்துக்குச் சொந்தமானது, அறக்கட்டளைக்கோ கோயிலுக்கோ சொந்தமானது, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சியிடம் உள்ளது.

வாய்வார்த்தையை நம்பி ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தனிக் குடும்பமென்றால் பங்காளிகள் அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களும் இதில் சேர்த்தி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கோயில் சொத்தென்றால், 5 ஆண்டுக்கு மேல் குத்தகை வாங்க இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி தேவை. உள்ளாட்சிக் கட்டடமென்றால் மன்றத் தீர்மானம் வேண்டும்.

அறக்கட்டளைச் சத்திரமாக இருந்தால் மூல ஆவணத்தைத் தேடி எடுங்கள். கட்டியவர் எதற்காக எழுதி வைத்தார் என்பது அதில் இருக்கும். வழிப்போக்கர் தங்கவும் தாகம் தீரவும் என்று எழுதியிருந்தால் உங்கள் திட்டம் அந்தத் தர்மத்தின் தொடர்ச்சி என்று தர்மகர்த்தாக்களிடம் நெஞ்சறியச் சொல்லலாம். எங்களுக்குக் கதவு திறந்தது அந்த ஒரு வரியால்தான்.

இன்னொன்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட முடியும். பழுது பார்ப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அருகில் சின்னம் எதுவும் இருந்தால் முதலிலேயே இரண்டு அலுவலகங்களுக்கும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

குத்தகை 10 ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பழைய கூரையைச் சரி செய்து, ஊர் மக்கள் பழகி, வெளியூரில் பெயர் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கும்.

3. ஒரு மழையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

இதை அவசரக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளாவது அந்தக் கட்டடத்துக்குள் நின்று பாருங்கள். வெயில் நாளில் பத்துப் பொறியாளர்கள் வந்து சொல்ல முடியாததை ஒரு மழை சொல்லிவிடும். எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, தெருத் தண்ணீர் திண்ணை வரை ஏறுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சுவரில் ஈரம் எத்தனை அடி உயரம் ஏறுகிறதோ அங்கே கரிக்கட்டையால் கோடு போட்டுத் தேதியும் எழுதி வையுங்கள்.

அப்புறம் மரம். தேக்கு உத்திரம் நடுவில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் முனையில்தான் உளுத்துப்போகும். அனுபவமுள்ள ஆசாரி சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கரையான் புற்றுக் கோடு தரையிலிருந்து நிலைக்கதவு வழியே ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பார்த்ததை எல்லாம் அளந்து வரையுங்கள், படம் எடுங்கள். பழைய கட்டடங்களையும் கலைகளையும் காக்க உழைக்கும் இன்டாக் அமைப்புக்கு மதுரையில் கிளை இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்களும் இப்படிப்பட்ட வேலைக்கு ஆசையோடு வருவார்கள். அவர்கள் அளவெடுக்கும் அந்த நாட்களில் நீங்கள் ஊர்ப் பெரியவர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்கள் சத்திரத்துக்கு வந்த ஓர் அப்பத்தா தூணைத் தடவிக்கொண்டே, "ஏப்பா, சந்தைக்குப் போறப்ப இந்தத் திண்ணையிலதான் தலைச்சுமைய எறக்குவோம். அந்தா அந்த மூலையில பெரிய பானையில மோர் வச்சிருப்பாக" என்றார். மோர்ப்பானை இருந்த இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. இன்றைக்கு எங்கள் தண்ணீர்ப்பானை அதே மூலையில் இருக்கிறது.

4. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்துச் சுவர் மூச்சு விடும். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லை அரித்துப் பொடியாக்கும். வெளியே பார்க்கச் சுவர் வழவழவென்று இருக்கும். சில மழைக்காலம் கழித்து ஒரு நாள் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும்போது உள்ளே செங்கல்லுக்குப் பதில் செம்மண் தூள்தான் கொட்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்டும் இதையேதான் செய்யும்.

எங்கள் பின்சுவரில் நாங்கள் இல்லாத ஒரு நாளில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அதைச் செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், "பலமா இருக்கும்ல" என்றார். அதைக் கொத்தி எடுத்தபோது பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்தே வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் கொத்தனாரிடம் வேலை பேசும்போதே, சிமெண்ட் மூட்டை வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று பேசிவிடுங்கள்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் குறைந்தது 2 வாரம் ஊற விடுங்கள். நாள் ஆக ஆக நல்லது. 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு மணல் என்று சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டு அரைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல், மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்று, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. பூசிய சுவரை நேரடி வெயில் படாமல் சாக்கு கட்டி நனைத்து வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்துதான் இறுக்கம் பெறுகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கம் விசாரியுங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வரவழைத்து, உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேரைக் கூட நிற்க வைத்து வேலை பழக்குங்கள். அடுத்த பழுதுக்கு நீங்கள் அலைய வேண்டாம்.

மேலே இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாட்டத்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடுகளைப் பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்றதும் அதன் மேல் கான்கிரீட் போடச் சொல்வார்கள். வேண்டாம். அந்தக் கனத்தைத் தேக்குச் சட்டம் தாங்காது. பெயர்ந்த ஓடுகளை எடுத்துவிட்டு, அடியில் உள்ள சுண்ணாம்பைச் சரி செய்து, திரும்பப் பதித்தாலே பெரும்பாலான ஒழுக்கு நின்றுவிடும். அரசமர, ஆலமரக் கன்றுகளை மேலோடு ஒடித்தால் மறுபடி தழையும். வேர் போன வழியெல்லாம் பிரித்து எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

5. மின்சாரம், கழிப்பறை, சாய்தளம்

சுவரில் காடி வெட்டி ஒயர் பதிக்காதீர்கள். சுவரோரமாக வெளிப்படையாகவே குழாயில் கொண்டு போகலாம், கண்ணுக்கு உறுத்தாது. எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், தீயணைப்பான் இவை மூன்றும் கட்டாயம். மேலே இருப்பது மரம் என்பதை மறக்க வேண்டாம்.

கழிப்பறையைப் பழைய சுவரை ஒட்டிக் கட்ட வேண்டாம். கொல்லையில் தனியாகக் கட்டுங்கள். எப்படிக் கட்டினாலும் கசியும் குழாய் ஒருநாள் வரும், அந்தத் தண்ணீர் பழைய அஸ்திவாரத்துக்குள் போகக்கூடாது. கழிப்பறைக்கு ஒதுக்கும் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். குடும்பத்தோடு வரும் பெண்கள் ஓர் ஊரில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதை வைத்துத்தான்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். திண்ணை 2 அடி உயரமென்றால் சாய்தளம் 24 அடி நீளம் வரும். முன்பக்கம் அவ்வளவு இடம் இருக்காது. திண்ணையை உடைக்காமல் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தனியாக அமைத்து, அந்தப் பக்கக் கதவை அகலப்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

6. உள்ளே எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது

முதல் அறையில் ஒரு பெரிய வரைபடம். ஊரை நடுவில் வைத்து, போக வேண்டிய இடங்கள், தூரம், எந்த ஊர் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது, இறங்கிய பின் எவ்வளவு நடை, எங்கே நிழல் இல்லை என்று எல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளூர் ஓவியரை விட்டு வரையச் சொல்லுங்கள். பேட்டை, சுமைதாங்கிக் கல், பெரிய ஆலமரம் என்று ஊர்க்காரர்கள் வழி சொல்லப் பயன்படுத்தும் அடையாளங்கள் அதில் வர வேண்டும். வெளியூர்க்காரர் வழி தவறி நின்று கேட்கும்போது அந்தப் பெயர்கள்தான் கைகொடுக்கும்.

எழுத்துப் பலகைகளைக் குறைவாக வையுங்கள். ஒரு பலகைக்கு ஐந்தாறு வரி. தமிழ் மேலே, பெரிதாக. பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். தமிழி எழுத்து அட்டவணை ஒன்றை அவர்கள் கண் உயரத்தில் மாட்டுங்கள். தன் பெயரைத் தமிழியில் எழுதிப் பார்த்த பிள்ளை மாங்குளம் மலை ஏறாமல் விடாது.

கட்டடத்தின் ஒரு சுவரில் ஒரு சதுர அடியைப் பூசாமல் விட்டுக் கண்ணாடி போட்டு மூடாமல் அப்படியே காட்டுங்கள். உள்ளே செங்கல், சுண்ணாம்பு, பூச்சு என்று அடுக்கடுக்காகத் தெரியும். அதன் முன் நின்றுதான் மக்கள் அதிக நேரம் பேசுகிறார்கள்.

பழம்பொருள் விஷயத்தில் கவனம். மையம் திறந்ததும் ஊர்க்காரர்கள் காசு, ஓலைச்சுவடி, பானை ஓடு என்று கொண்டு வருவார்கள். அவர்களுடைய அன்பு புரிகிறது, ஆனால் வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 100 ஆண்டு கடந்த பொருட்களும் 75 ஆண்டு கடந்த சுவடிகளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொல்பொருளாகலாம். நிலத்திலிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்ல அவருக்கு உதவுங்கள். நம் பக்கத்திலேயே கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. பானை ஓடு எப்படிப் பேசும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களை அங்கே அனுப்பலாம். உங்கள் அறைக்கு உரல், மரக்கால், படி, ஏற்றத்துச் சால் போதும். இரவலாக வாங்கி, கொடுத்தவருக்கு ரசீது கொடுங்கள்.

7. திண்ணையில் யார் உட்காருவது

தொடுதிரை வாங்க ஆசைப்படுவார்கள். அந்தப் பணத்தை ஆளுக்கான சம்பளமாக மாற்றுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மின்சாரம் போனாலும் பேசக்கூடியவர் மனிதர்தான்.

மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்று தொடங்கலாம். சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சம்பளமில்லாமல் உட்கார வைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் கதவு பூட்டிவிடும். சொல்லப் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் அவர்களைப் பஸ்ஸிலேயே கூட்டிப் போய், மலை ஏற வைத்துக் காட்டுங்கள். தான் பார்க்காத இடத்துக்கு வழி சொல்பவரின் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

அவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியவை: வெயிலுக்கு முன் மலை இறங்கிவிடுவது, தண்ணீர் எடுத்துப் போவது, கல்வெட்டில் சாக்பீஸ் தேய்க்கக்கூடாது, கூடு கட்டும் பாறைக்குக் கீழே சத்தம் போடக்கூடாது, கோயில்காட்டுக்குள் செருப்போடு நுழையக்கூடாது, படம் எடுக்குமுன் அந்த ஊர்க்காரரைக் கேட்க வேண்டும். வருகிறவர் மனசு கோணாமல் இதைச் சொல்ல நம் பெண்களுக்கு நன்றாகவே வரும். "போய்ட்டு வாங்கண்ணே, அந்தச் சாமிக்கு மட்டும் செருப்ப வெளிய விட்டுருங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது.

நேரம்: காலை 6.30 முதல் 11 வரை, மாலை 3.30 முதல் 6.30 வரை திறந்து பாருங்கள். பத்து மணிக்குத் திறக்கும் மையம் மலைக்குப் போகிறவருக்கு உதவாது, அவர் அதற்குள் இறங்கிக்கொண்டிருப்பார். விடுமுறை நாளைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

8. காசு

திறப்பு விழாவுக்குச் செலவழிக்கும் முன், சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் ஒரு வருடத்துக்கு வங்கியில் போட்டு வையுங்கள். கூரைப் பழுதுக்கென்று தனியாக ஒரு தொகையும். நுழைவுக் கட்டணம் வேண்டாம், வழி கேட்பதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். சுங்குடிச் சேலை, உள்ளூர் நாட்டுச் சர்க்கரை, வரைபட அட்டை போன்றவற்றைப் பின் அறையில் விற்கலாம். முன் திண்ணையை மட்டும் கடைக்கு விடாதீர்கள். மதுரைப் புதுமண்டபத்துச் சிற்பத் தூண்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்களும் பாத்திரக்கடைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு இடம் கொடுத்து மண்டபத்தைக் காலி செய்ய எத்தனை வருடம் பிடித்தது என்பது ஊருக்கே தெரியும். கடை வைத்தவர் பிழைப்பையும் கட்டடத்தின் அழகையும் ஒன்றோடொன்று மோதவிடும் நிலைமையை நாமே உண்டாக்கக்கூடாது.

9. திறந்த பிறகு

மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் பெயர் வேண்டாம், அவர் கேட்ட கேள்வியை மட்டும் எழுதுங்கள். பதில் தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மாதம் ஒருமுறை உட்கார்ந்து புள்ளி வைத்த கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எங்கள் நோட்டில் அதிகம் வந்த கேள்வி கல்வெட்டைப் பற்றியது அல்ல, "திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" அதை இப்போது வரைபடத்துக்குப் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதி வைக்கிறோம், நேரம் மாறினால் அழித்து எழுத வசதியாக.

பராமரிப்பைத் தமிழ் மாதத்தோடு முடிந்து வையுங்கள், மறக்காது. தை பிறக்கும் முன் சுண்ணாம்பு வெள்ளை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களுக்கு முன் கூடுதல் தண்ணீர்ப்பானையும் கூடுதலாக ஓர் ஆளும். ஆடிக் காற்றில் கதவு, சன்னல் கீல்கள். புரட்டாசி முடிவதற்குள் மொட்டைமாடிக்கு ஏறி, சருகு கூட்டி, மழைநீர் போகும் தூம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே எவ்வளவு வந்து விழுகிறது என்று பார்க்க ஒருவர் தெருவில் நிற்கட்டும்.